மதுரையிலிருந்து திருவனந்தபுரம்: சனி, ஞாயிறில் காரில் போய்வர

கேள்வி இதுதான். மதுரையிலிருந்து சொந்தக் காரில் சனிக்கிழமை விடியற்காலை கிளம்ப வேண்டும், ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வண்டியில் ஐந்து பேர்: கணவன், மனைவி, எழுபதைத் தொட்ட அப்பா, அம்மா, எட்டாம் வகுப்புப் பையன். பத்மநாபசுவாமி கோயில், மியூசியம், கோவளம், பூவாறு படகு, போகிற வழியில் கன்னியாகுமரி. எல்லாம் பார்க்க முடியுமா?

முடியாது. வண்டியை விட்டு இறங்கி, போட்டோ எடுத்து, மறுபடி ஏறிக்கொள்வதைப் பார்த்ததாகக் கணக்கு வைத்தால் முடியும். எழுபது வயதுக்காரர்களுக்கு அது தண்டனை. நான் நாகர்கோவில்காரன், பிழைப்பு திருவனந்தபுரத்தில். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: கன்னியாகுமரியையும் பூவாறையும் எடுத்துவிடுங்கள். அதில் மிச்சமாகும் நேரத்தை, உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு இடத்துக்குக் கொடுங்கள். தக்கலை பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை. நீங்கள் போகும் பாதையிலேயே இருக்கிறது, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்.

காரணம் இருக்கிறது. திருவனந்தபுரம் இன்று கேரளத்தின் தலைநகர். அதற்கு முன் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகர். அதற்கும் முன்னால் திருவிதாங்கூரை ஆண்டது பத்மநாபபுரத்திலிருந்துதான். 1795 வாக்கில்தான் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. பழைய தலைநகரைச் சனிக்கிழமை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை புதிய தலைநகரின் கோட்டைக்குள் நுழைந்தால், கோயிலும் குதிரைமாளிகை என்ற அரண்மனையும் ஒரே கதையின் அடுத்த பகுதியாகப் புரியும். நேரே கோயிலுக்கு மட்டும் வந்து போகிறவர்கள் கூட்டத்தையும் கியூவையும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

முதலில் சாலை. மதுரையிலிருந்து திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நாகர்கோவில் வரையிலான நான்குவழிச் சாலையில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக வரும். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமையே பார்த்துவிடுங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழு, ஏழேகாலுக்குத் திருநெல்வேலியைத் தாண்டிவிடலாம். காவல்கிணறில் சாலை பிரியும். நேரே போனால் கன்னியாகுமரி, வலப்பக்கம் நாகர்கோவில். வலப்பக்கம் திரும்பியதும் முப்பந்தல் காற்றாலைகள் ஆரம்பித்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று ஆனி, ஆடி மாதங்களில் காரையே பக்கவாட்டில் தள்ளும். அந்த மாதங்களில் வந்தால் அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலில் காலைச் சாப்பாடு. அதற்கப்புறம் சாலையின் குணமே மாறிவிடும். திருவனந்தபுரம் இன்னும் 65 கிலோமீட்டர் சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் இந்தப் பக்கம் ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவது தெரியாது. வீடு, கடை, சர்ச், பள்ளிக்கூடம், மறுபடி வீடு. மதுரை ரோட்டின் வேகத்தில் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். இந்த 65 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தபிறகு அந்தக் கடைவீதி நெரிசல் மட்டும் தப்பியது.

தக்கலைக்கு முன்னால் புலியூர்க்குறிச்சியில், சாலையை ஒட்டியே உதயகிரிக் கோட்டையின் கருங்கல் மதில் தெரியும். பையன் வரலாற்றுப் பாடத்தில் ஆர்வம் உள்ளவன் என்றால் அரைமணி நேரம் இறங்கலாம், இல்லாவிட்டால் காரிலிருந்தே காட்டிவிட்டு நகருங்கள். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். ஐரோப்பிய வல்லரசு ஒன்றின் படையை இந்திய மன்னர் ஒருவர் நேருக்கு நேர் வென்ற சண்டை அது. பிடிபட்ட டிலனாய் என்ற தளபதி பிறகு அதே மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, பெரிய படைத்தலைவராகவே ஆகிவிட்டார். 1777இல் இறந்தவரின் கல்லறை இந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் செதுக்கியிருக்கிறார்கள். மலையாளம் பேசும் ராஜ்யம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், அதன் தளபதியின் கல்லறையில் தமிழ்.

இனி பத்மநாபபுரம். காலை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள், மதியம் ஒரு மணி நேரம் பூட்டுவார்கள், நாலரை வாக்கில் டிக்கெட் கொடுப்பதை நிறுத்துவார்கள். திங்கட்கிழமை விடுமுறை. பத்து மணிக்குள் உள்ளே போய்விட்டால் மதிய இடைவேளைக்கு முன் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில். வாசலில் இருக்கும் ஊழியர்கள் கேரள அரசின் தொல்லியல் துறைக்காரர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. அரண்மனையின் நிர்வாகம் மட்டும் கேரளத்திடமே தங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் நிலம் நம் ஊரில் இருப்பது மாதிரி, இன்றுவரை சண்டையில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். அதுவே நல்லது, ஏனென்றால் இந்த அரண்மனையின் தரையைக் கால்தான் முதலில் பார்க்க வேண்டும். கறுப்பாக, கண்ணாடி போல வழவழப்பாக, வெயில் நேரத்திலும் குளுகுளுவென்று இருக்கும். சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு என்று கலந்து தேய்த்துத் தேய்த்துப் போட்டது என்பார்கள். ஜன்னலிலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும் இடத்தில் குனிந்து பார்த்தால் மேலே இருக்கும் மரவேலைப்பாடு தரையில் தெரியும். பெரும்பாலும் மரத்தால் ஆன அரண்மனை இது. வட இந்திய அரண்மனைகள் மாதிரி பளிங்கோ, தங்கமுலாமோ கிடையாது. ராஜா வீடு என்று மனதில் ஒரு படம் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முதல் பத்து நிமிடம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். பூமுகம் என்ற முன்கூடத்தின் கூரையை நிமிர்ந்து பாருங்கள். 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல் மற்றொன்று இல்லை. அங்கே தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அப்படியே நிற்கும், ஊழியரிடம் கேட்டால் விளக்கிச் சொல்வார்.

மாடியில் மந்திரசாலை, மன்னர் ஆலோசனை நடத்திய கூடம். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் அபிரகத் தகடுகள். வெளிச்சம் வடிகட்டி வரும், வெக்கை வராது. அடுத்து ஊட்டுபுரை, ஒரு தளத்தில் ஆயிரம் பேர் வீதம் இரண்டு தளத்திலும் பந்தி உட்கார்ந்து சாப்பிட்ட கூடம். ஊறுகாய் போட்டு வைத்த சீனப் பரணிகள் இன்னும் இருக்கின்றன. முற்றத்தில் ஒரு உருண்டைக் கல்லைக் காட்டுவார்கள். படையில் சேர வருகிறவன் அதை 101 முறை தலைக்கு மேல் தூக்க வேண்டுமாம். பையனுக்கு அதுதான் பிடிக்கும். தாய்க்கொட்டாரம் இருப்பதிலேயே பழையது, அதன் பலாமரத் தூணில் செதுக்கல் பிரமாதம். இந்த இடத்தில் 1601 வாக்கிலேயே அரண்மனை இருந்திருக்கிறது. இன்றைய வடிவத்துக்குப் பெரிதாக எடுத்துக் கட்டி, தன் குலதெய்வமான பத்மநாபனின் பெயரை ஊருக்கு வைத்தவர் மார்த்தாண்ட வர்மா. அதற்கு முன் இது கல்குளம்.

அப்பா அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை. படிகள் குறுகலானவை, செங்குத்து, நிலைகள் தாழ்வு. போகும் பாதை ஒரே திசையில்தான், நடுவில் திரும்பி வர விடமாட்டார்கள். முழங்கால் வலி இருந்தால் முன்கூடத்தையும் நவராத்திரி மண்டபத்தையும் மட்டும் பார்க்க முடியுமா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நவராத்திரி மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அங்குள்ள சரஸ்வதியைக் கம்பர் பூஜித்தது என்று இந்த ஊரில் நம்பிக்கை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் அந்தச் சரஸ்வதி யானை மேலும், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகியோரும் கூடச் சேர்ந்து, இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போவார்கள். தலைநகர் மாறியபோது சாமிகள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டன, ஆகவே விழாவுக்கு வருஷம் ஒருமுறை போய்த் திரும்புகின்றன. மாளிகையில் மன்னரின் உடைவாளை முறைப்படி கைமாற்றிக் கொடுத்த பிறகுதான் ஊர்வலம் கிளம்பும். தமிழ்நாட்டுப் போலீஸ் மரியாதை செய்து அனுப்ப, களியக்காவிளையில் கேரளப் போலீஸ் மரியாதை செய்து வரவேற்கும். சனிக்கிழமை மதியம் நீங்கள் காரில் போவது இந்தச் சாமிகள் போகும் வழியில்தான்.

மதியச் சாப்பாட்டைத் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ முடித்துவிடுங்கள். மார்த்தாண்டம் தேன் வாங்க நினைத்தால் இங்கேயே வாங்கிவிடலாம். களியக்காவிளை தாண்டியதும் கேரளம். சொந்த வண்டிக்குப் பர்மிட் எதுவும் வேண்டாம். மஞ்சள் போர்டு வாடகை வண்டி என்றால் மட்டும் டிரைவர் கேரளத்துக்கான பர்மிட் வரியைக் கட்டியிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேரளச் சாலைகளில் கேமரா வைத்திருக்கிறார்கள். முன்சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் மதுரை முகவரிக்கே அபராதச் சீட்டு வந்துசேரும்.

இங்கே பாதை இரண்டாகும். பழைய சாலை நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாக ஊருக்குள் போகும். புதிய புறவழிச்சாலை காரோட்டிலிருந்து விழிஞம், கோவளம் பக்கமாகப் போய்க் கழக்கூட்டத்தில் சேரும். வழியில் திருவல்லத்தில் சுங்கம் உண்டு. உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் பழைய சாலை. பாலராமபுரத்தில் கசவு என்ற சரிகைக் கரை போட்ட வேட்டி, பெண்கள் உடுத்தும் இரண்டு துண்டுச் செட்டு முண்டு நெய்கிறார்கள். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்தப்பட்ட சாலியர் குடும்பங்கள் தொடங்கிய தொழில் அது. குழித்தறியில், தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வதை இன்னும் சில வீடுகளில் பார்க்கலாம். மறுநாள் கோயிலுக்கு அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குச் செட்டு முண்டு வேண்டியிருக்கும், இங்கே வாங்கினால் கோயில் வாசலில் அலைய வேண்டாம். கைத்தறியா என்று கேட்டு வாங்குங்கள். விசைத்தறிச் சரக்கும் அதே அலமாரியில்தான் இருக்கும்.

தங்குவதற்குக் கிழக்கேகோட்டை அல்லது தம்பானூர். கோவளத்தில் தங்கி விடியற்காலை கோயிலுக்கு வரலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வயதானவர்களோடு வேண்டாம். கோயிலுக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுத்தால் ஞாயிறு காலை பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அறை புக் செய்யும்போது கார் நிறுத்த இடம் உண்டா என்று போன் செய்து கேளுங்கள், படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தம்பானூர்ப் பக்கம் பழைய லாட்ஜ்களில் இரண்டு வண்டி நின்றாலே இடம் முடிந்துவிடும்.

மூன்று மணிக்கு அறைக்கு வந்து ஒரு தூக்கம் போடுங்கள். நாலரைக்குக் கோவளம். ஊரிலிருந்து 15 கிலோமீட்டருக்குள்தான். லைட்ஹவுஸ் பீச்சுக்கு இறங்கும் வழி சரிவாக இருக்கும், அப்பா அம்மாவை வண்டியிலேயே கீழே வரை கூட்டிப்போய் இறக்கிவிட்டுப் பிறகு வண்டியை நிறுத்துங்கள். அலை வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளிழுப்பு அதிகம். சிவப்புக் கொடி நட்டிருக்கும் பகுதியில் பையனை இறங்க விடாதீர்கள், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடலில் கால் நனைப்பதோடு சரி. தெற்கே பார்த்தால் விழிஞம் துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள் தெரியும். 2025 மே மாதம் முறைப்படி திறந்துவைத்த துறைமுகம் அது. அதே விழிஞம் ஆய் மன்னர்களின் கோட்டையாக இருந்த ஊர், 8ஆம் நூற்றாண்டுவாக்கில் உங்கள் மதுரைப் பாண்டியர்கள் படையெடுத்து வந்த ஊர். அந்தக் காலத்துச் சின்னக் குடைவரைக் கோயில் ஒன்று இன்னும் நிற்கிறது. ஆக, நீங்கள் மதுரையிலிருந்து இங்கே வருகிற முதல் கூட்டம் இல்லை.

கோவளம் வேண்டாம், கூட்டம் ஆகாது என்றால் சங்குமுகம் கடற்கரை. விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. கடல் அரித்து அரித்து மணல் குறைந்துவிட்டது, ஆனாலும் மாலையில் உள்ளூர்க் குடும்பங்கள் வருவது இங்கேதான். பத்மநாபசுவாமிக்கு ஐப்பசியிலும் பங்குனியிலும் ஆறாட்டு என்ற நீராட்டு விழா நடக்கும்போது சாமி ஊர்வலம் விமான ஓடுபாதையைக் குறுக்கே கடந்து இந்தக் கடலுக்கு வரும். வருஷத்துக்கு இரண்டு நாள், அந்தச் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இந்தியன் காபி ஹவுஸ். சாப்பாடு சுமார்தான், கட்டடத்துக்காகப் போக வேண்டும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது. செங்கல்லில் ஒரு சுருள் கோபுரம், உள்ளே மாடி என்று ஒன்று கிடையாது, வட்டமாக ஏறிக்கொண்டே போகும் சரிவுப் பாதையை ஒட்டிச் சிமென்ட் மேசைகள். மசால் தோசைக்குள் பீட்ரூட் இருக்கும், பயப்பட வேண்டாம். அசைவக்காரர்களுக்குச் ‘சாலை’ என்ற பெயருள்ள கடைவீதிப் பக்கத்தில் கேத்தல் சிக்கன். பொடிசாக நறுக்கி மொறுமொறுப்பாகப் பொரித்து, சின்னச் சின்னச் சப்பாத்தியோடு, எலுமிச்சைச் சாறும் கொடுப்பார்கள்.

ஞாயிறு காலை கோயில். இதில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நம்மூர்க் கோயில்போலக் காலையிலிருந்து மதியம் வரை தொடர்ந்து தரிசனம் கிடையாது. விடியற்காலை மூன்றரை வாக்கில் நிர்மால்யம் என்ற முதல் தரிசனத்துக்குத் திறப்பார்கள், அதற்கப்புறம் பூஜைக்கும் பூஜைக்கும் நடுவே துண்டுதுண்டாகத்தான் சந்நிதி திறக்கும், மதியம் பன்னிரண்டோடு சரி, மாலை மறுபடி ஐந்து மணிக்கு. நேரங்களைச் சனிக்கிழமை ராத்திரியே அறை ஊழியரிடம் உறுதி செய்துகொண்டு, ஆறரை மணித் தரிசனத்துக்கு ஆறு மணிக்குள் வரிசையில் நில்லுங்கள். எட்டரைக்கு மேல் ஞாயிறு கூட்டம் வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைப் பக்தர்கள் எல்லாரும் இங்கே வருவதால் எந்த நேரமும் கூட்டம்தான். அந்த இரண்டு மாதத்தையும், மாசி வாக்கில் ஆற்றுக்கால் பொங்கல் வரும் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். ஆற்றுக்கால் பொங்கல் அன்று ஊரில் எல்லாத் தெருவிலும் அடுப்புதான், கார் நகராது.

உடை விஷயத்தில் கண்டிப்பு. ஆண்கள் வேட்டி, மேலே சட்டையோ பனியனோ கூடாது, துண்டு போட்டுக்கொள்ளலாம். பேன்ட்டுக்கு மேல் வேட்டி சுற்றிக்கொண்டு போகிற வேலை நடக்காது. பையனுக்கும் சேர்த்துச் சின்ன வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குப் புடவை, பாவாடை தாவணி, செட்டு முண்டு. சுடிதார் என்றால் அதன் மேல் முண்டு சுற்ற வேண்டும். இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி. போன், கேமரா எதுவும் உள்ளே போகாது. வெளியே பொருள் வைக்கும் கவுண்டர் உண்டு, ஆனால் அங்கேயும் ஒரு வரிசை. போனை அறையிலேயே விட்டுவிட்டு வந்தால் அந்த வரிசை மிச்சம். உள்ளே யாராவது பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள், ஏனென்றால் பிராகாரம் நீளம், தூண்கள் எல்லாம் ஒரே மாதிரி.

கிழக்குக் கோபுரம் ஏழு நிலை. கேரளத்தில் இப்படி ஒரு கோபுரம் பார்க்கக் கிடைப்பது அபூர்வம், தமிழ்நாட்டுக் கைவேலை என்பது பார்த்ததுமே தெரியும். நம்மாழ்வார் பாடிய தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. சந்நிதிக்கு முன்னால் ஒற்றைக்கல் மண்டபம். பெயருக்கேற்றபடி மேடை முழுக்க ஒரே கல். அதன் மேல் ஏறி நின்றால் மூன்று வாசல்கள். சாமி பள்ளிகொண்டிருக்கும் நீளம் 18 அடி என்பதால் ஒரே வாசலில் முழுசாகத் தெரியாது. முதல் வாசலில் திருமுகமும், தொங்கும் கையின் கீழ் சிவலிங்கமும். நடுவில் நாபிக்கமலத்தில் பிரம்மா. கடைசி வாசலில் பாதம். உள்ளே எண்ணெய் விளக்கின் வெளிச்சம் மட்டும்தான். கண் பழகுவதற்குள் நகரச் சொல்லிவிடுவார்கள். ஆகவே கியூவில் நிற்கும்போதே அம்மாவிடம் சொல்லி வையுங்கள், எந்த வாசலில் எதைப் பார்க்க வேண்டும் என்று. நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களை வைத்து, கடுசர்க்கரை யோகம் என்ற மருந்துக் கலவையால் செய்த திருமேனி இது. அதனால் மூலவருக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது.

வரிசையில் நிற்கும்போது எல்லாரும் பேசுவது நிலவறைத் தங்கத்தைப் பற்றித்தான். 2011இல் திறந்து கணக்கெடுத்தார்கள், ஒரு அறையைத் திறக்கவேயில்லை, 2020இல் உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தில் ராஜகுடும்பத்தின் உரிமையை உறுதி செய்தது. என்னைக் கேட்டால் தங்கத்தைவிட பெரிய சங்கதி 1750இல் நடந்தது. பத்மநாபபுரத்தில் நீங்கள் பார்த்த அதே மார்த்தாண்ட வர்மா, தான் பிடித்த ராஜ்யம் முழுவதையும் இந்தச் சந்நிதியின் படியில் வைத்துச் சாமிக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, பத்மநாபதாசன் என்ற பெயரில் சாமியின் ஊழியனாக ஆள ஆரம்பித்தார். பக்தி இருந்தது, கணக்கும் இருந்தது. அதற்கப்புறம் ராஜாவை எதிர்ப்பவன் சாமியை எதிர்ப்பவன் ஆகிவிட்டான். அவருக்கு அடுத்து வந்த தர்மராஜா காலத்தில் தலைநகரும் சாமி இருக்கும் ஊருக்கே வந்துவிட்டது.

வெளியே வந்ததும் பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி என்ற கடிகாரம். ஒவ்வொரு மணிக்கும் அதிலிருக்கும் தாடிக்காரரின் வாய் திறக்கும், இரண்டு பக்கமும் இருக்கும் ஆடுகள் ஓடி வந்து கன்னத்தில் முட்டும். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே கூட்டம் நின்றுவிடும், நீங்களும் நில்லுங்கள். பக்கத்திலேயே குதிரைமாளிகை. கூரையைத் தாங்கும் மரக்குதிரைகள் 122. சுவாதித் திருநாள் கட்டியது. பரதநாட்டியத்துக்கு வடிவம் கொடுத்த தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இவருடைய சபையில்தான் இருந்தார். 33 வயதில் இறந்துபோன மன்னர் எத்தனை கீர்த்தனைகளை விட்டுப் போயிருக்கிறார் என்பது கச்சேரி கேட்கிறவர்களுக்குத் தெரியும். இதுவும் திங்கள் விடுமுறை, மதியம் பூட்டிவிடுவார்கள், ஆகையால் கோயிலும் காலைச் சாப்பாடும் முடிந்ததும் நேரே இங்கே வாருங்கள். அப்படியே பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய். இந்தக் கோயிலைப் பராமரிப்பது இந்திய ராணுவம்.

பத்தரைக்கு அறையைக் காலி செய்துவிட்டு மகாத்மா காந்தி ரோட்டில் வடக்கே போனால் தலைமைச் செயலகம், 1869இல் திறந்த வெள்ளைக் கட்டடம். இறங்க வேண்டாம், காரிலிருந்தே போதும். எதிரே நிற்கும் சிலை திவான் மாதவராவுடையது. அவர் பிறந்தது கும்பகோணத்தில். அந்த நிறுத்தத்துக்கே ஸ்டாச்யூ என்றுதான் பெயர், வழி கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். கொஞ்சம் தள்ளி யூனிவர்சிட்டி காலேஜ். நம் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதிய சுந்தரம் பிள்ளை பேராசிரியராக இருந்த கல்லூரி. தினம் காலை அதைப் பாடுகிற பையனுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். பாளையத்தில் பள்ளிவாசல், தேவாலயம், கணபதி கோயில் மூன்றும் கூப்பிடு தூரத்தில்.

மியூசியம் வளாகத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். மிருகக்காட்சிசாலை 1857இலிருந்து இருப்பது, மரங்கள் அருமை, ஆனால் ஏற்ற இறக்கம் உண்டு. நேப்பியர் மியூசியமும் ஸ்ரீசித்ரா ஓவியக்கூடமும் போதும். 1880இல் முடிந்த நேப்பியர் கட்டடத்தை வடிவமைத்தவர் சிஷோம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் அவருடையதே. காற்றுப் போக்குவரத்துக்காகவே கூரையையும் ஜன்னலையும் யோசித்துக் கட்டியிருப்பதால் ஏசி இல்லாமலே உள்ளே புழுக்கம் தெரியாது. ஓவியக்கூட வளாகத்தில் ரவிவர்மாவின் மூலப் படங்கள் இருக்கின்றன. காலண்டரில் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் புடவைச் சரிகையின் மினுமினுப்பை நேரில் பார்ப்பது வேறு அனுபவம். அப்பா அம்மாவுக்கு வெளியே மர நிழலில் பெஞ்சுகள் நிறைய உண்டு. உங்கள் பயணம் நாள் மாறினால் திங்கள் முழுக்கவும் புதன் காலையும் இங்கே மூடியிருக்கும் என்பதை ஞாபகம் வையுங்கள்.

மதியம் சத்யை என்ற கேரள இலைச் சாப்பாடு சாப்பிடும் இடத்தில் போளி உண்டா என்று கேளுங்கள். திருவனந்தபுரத்துக்காரர்கள் போளியை அப்படியே சாப்பிடுவதில்லை. இலையில் போளியை வைத்து, மேலே பால்பாயசத்தை ஊற்றி, கையால் பிசைந்து உள்ளே தள்ளுவார்கள். நம் ஊர் போளியைவிட இது மெலிசு, மஞ்சள் நிறம், பாயசம் பட்டதும் தளர்ந்துவிடும். சர்க்கரை இருக்கிற அப்பாவுக்கு ஒரு விள்ளல் மட்டும்.

ஒன்றரைக்கு, தப்பினால் இரண்டு மணிக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்துவிட வேண்டும். திரும்பும்போது புறவழிச்சாலையில் ஏறி எல்லை வரை வந்துவிடுங்கள், ஊருக்குள் நுழையாமல் நேரம் மிச்சம். நெடுமங்காடு, பாலோடு, தென்மலை வழியாகச் செங்கோட்டைக்கு இறங்கும் மலைப்பாதை அழகுதான், பதின்மூன்று கண் ரயில் பாலமும் பார்க்கலாம். ஆனால் வளைவுகள் அதிகம், அம்மாவுக்குக் குமட்டல் வரும், மழைக்காலத்தில் பொழுது சாய்ந்தபிறகு நான் அந்தப் பக்கம் குடும்பத்தோடு போகச் சொல்லமாட்டேன். நாகர்கோவில் வழியாகவே வந்தால் நாலு மணி வாக்கில் ஆரல்வாய்மொழி, ஆறரைக்குள் கோவில்பட்டி. அங்கே டீ குடிக்க நிறுத்தும்போது கடலைமிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள். எட்டரைக்குள் மதுரை. பையனுக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கிறது அல்லவா, கன்னியாகுமரி சூரிய அஸ்தமனத்துக்காகக் காவல்கிணறில் வண்டியைத் திருப்பச் சொல்லிக் கெஞ்சினாலும் அசையாதீர்கள். அதற்கு வேறொரு சனிக்கிழமை வாருங்கள்.